தலையை எண்ணாதீர்கள், தகப்பனை எண்ணுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

சிறு மந்தைகளில் மரபணு நகர்வு (சில குணங்கள் தற்செயலாகத் தொலைவதும் நிலைப்பதும்) பற்றி எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெட்டை எத்தனை, கிடா அல்லது காளை எத்தனை, அது எந்த வருஷம் வந்தது, யார் பட்டியிலிருந்து வந்தது என்ற நான்கு விவரங்களும் இல்லாத கடிதத்துக்கு யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. தயவுசெய்து எழுதும்போதே சேர்த்து எழுதுங்கள்.

நாட்டுக் கம்பு விதையை அப்பா காலத்திலிருந்து காப்பாற்றி வருகிறோம். வருஷா வருஷம் பெரிய கதிராக ஐந்தாறு பார்த்து எடுத்து வைப்போம். இப்போது பயிரின் உயரமும் குறைகிறது, மணியும் சிறுக்கிறது. மண்ணில் கோளாறா, விதையிலா? (மூலனூர்)

மண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். ஆனால் ஐந்தாறு கதிர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதுமான காரணம். கம்பு அயல் மகரந்தச் சேர்க்கையில் வாழும் பயிர். நெருங்கிய சொந்தத்துக்குள் சேரச் சேர, செடி நலிந்துகொண்டே போகும். பெரிய கதிராகப் பார்த்து எடுத்ததால் நல்லது மட்டும் வீட்டுக்கு வந்ததாக நினைக்கிறீர்கள். ஒரு கதிர் பெருத்ததற்கு அந்த இடத்தில் விழுந்த எருவும், வாய்க்கால் பக்கம் நின்றதும்கூடக் காரணமாக இருக்கலாம். அதே வயலில் சின்னக் கதிரோடு நின்ற ஒரு செடியில் வறட்சி தாங்கும் குணமோ அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் குணமோ இருந்திருக்கலாம். அது அந்த வருஷத்தோடு போயிற்று. போனதை எருவாலும் தண்ணீராலும் திருப்ப முடியாது.

குறைந்தது 100 செடியிலிருந்து, முடிந்தால் 200 செடியிலிருந்து, ஒவ்வொரு கதிரிலும் ஏறக்குறைய ஒரே அளவு மணி எடுத்துக் கலந்து வையுங்கள். நோய் கண்டதையும் சாய்ந்ததையும் மட்டும் விலக்கினால் போதும். பக்கத்துக் காட்டில் வீரிய ஒட்டுக் கம்பு நின்றால் 200 மீட்டராவது தள்ளி விதையுங்கள். சொந்தக்காரர் யாரிடமாவது அதே நாட்டுக் கம்பு தனியாக இருந்து வந்திருந்தால், ஒரு படி வாங்கி உங்கள் விதையோடு கலந்துவிடுங்கள். உங்கள் வயலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

மஞ்சளுக்கும் இப்படித்தானா? (அறச்சலூர்)

இல்லை. நீங்கள் நடுவது கிழங்கு. தாய்ச்செடியின் அச்சு அப்படியே வருகிறது. விதை வழியாகக் கலந்து பிரிவது நடக்காத இடத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. நோயில்லாத கிழங்காகப் பாருங்கள், அது போதும்.

எங்கள் மேச்சேரி ஆடுகளில் குட்டிகள் தேறுவதில்லை. இது மரபணு நகர்வா? (ஊர்ப் பெயர்கூட இல்லை)

எத்தனை ஆடு? கிடா எத்தனை? அது உங்கள் பட்டியிலேயே பிறந்ததா? குட்டி பிறந்தவுடன் சாகிறதா, பால் மறந்தபின் மெலிகிறதா? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் நோயின் பெயரை மட்டும் நீங்களே வைத்துவிட்டால் நான் என்ன செய்வது? முதலில் குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள். தாய்க்குப் பால் போதுமா என்று பாருங்கள். குட்டி தேறாததற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று. மரபணு நகர்வு ஒரு குட்டியைப் பிடிக்கும் நோய் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை எந்த அல்லீல் (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) தங்குகிறது, எது தொலைகிறது என்பது தற்செயலாக மாறுவது அது. மந்தை முழுவதற்கும் உரிய கணக்கு. குட்டியில் நேரடியாகத் தெரிவது உள் இனச்சேர்க்கையின், அதாவது சொந்தத்துக்குள் சேர்வதன் பலன். இரண்டும் சிறு மந்தையில் கைகோத்து வரும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஒரே கிடாவை ஐந்தாறு வருஷம் வைத்திருந்தால் அது தன் மகளையும் பேத்தியையும் சேரும். தகப்பன் - மகள் சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உள் இனச்சேர்க்கைக் கெழு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 4-ல் 1. கிடாவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தலையை எண்ணாதீர்கள், தகப்பனை எண்ணுங்கள்.

எங்கள் ஊர் மயிலைக் (சாம்பல் நிறக்) காளை ஒன்று போட்டியில் பரிசு வாங்கியது. சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு ஊர் மாடுகளுக்கும் இப்போது அதுதான் பூச்சிக்காளை (பொலிகாளை). மற்ற காளைகளை எல்லாம் விற்றுவிட்டோம். 400 மாட்டுக்குக் குறையாது. நல்ல ரத்தம் பரவினால் காங்கேயம் இனம் தழைக்கும் என்கிறேன். சிலர் குறை சொல்கிறார்கள். உங்கள் கருத்து? (காங்கேயம் பக்கம்)

குறை சொல்கிறவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

முதலில் கணக்கு. மரபியலாளர் சிவால் ரைட் 1931-ல் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை எல்லாரும் பயன்படுத்தும் வாய்ப்பாடு இது. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். பயனுறு எண்ணிக்கை வரும், அதாவது மரபு வேறுபாட்டைக் காப்பதில் மந்தை எத்தனை தலைக்குச் சமம் என்பது. உங்கள் 400 மாடு, ஒரு காளை என்றால் விடை 4. ஆமாம், நான்கேதான். 400-ஐ 4,000 ஆக்கினாலும் அதே 4-ஐத் தாண்டாது. கட்டுத்தறியில் 400 தலை நிற்கிறது, மரபுக் கணக்கில் நான்கு மாடு நிற்கிறது.

பயனுறு எண்ணிக்கை 4 என்றால், தலைமுறைக்கு எட்டில் ஒரு பங்கு மரபு வேறுபாடு கரையும். ஐந்து தலைமுறையில் பாதி போய்விடும். மாட்டுக்கு ஒரு தலைமுறை ஐந்து வருஷம் என்று வைத்தால், 25 வருஷத்தில் பாதிச் சொத்து காலி. அதே 400 மாட்டுக்கு 10 காளை வைத்திருந்தால் பயனுறு எண்ணிக்கை 40-க்குப் பக்கத்தில் வரும். ஐந்து தலைமுறையில் 6 விழுக்காடுதான் குறையும். 20 காளை என்றால் 76. தீவனச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அந்தக் காளை நல்லதுதானே என்பீர்கள். பார்வைக்கு நல்லது. திமிலும் கொம்பும் நடையும் பார்த்துத்தான் பரிசு கொடுத்திருப்பார்கள். ஒடுங்கிய நிலையில் (இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளிப்படும் நிலையில்) ஒளிந்திருக்கும் கெட்ட அல்லீலை எந்த நடுவரும் கண்ணால் பார்க்க முடியாது. அமெரிக்காவில் 1962-ல் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சீஃப் என்று அழைப்பார்கள். பாலுக்குப் பேர் போன வம்சம். அதற்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள். அதன் உடம்பில் கருவைக் கொல்லும் ஒரு மாற்றம் ஒற்றைப் பிரதியாக இருந்தது யாருக்கும் தெரியாது. பேரன் பேத்திகள் தங்களுக்குள் சேர்ந்தபோது அது இரட்டையாயிற்று. உலகம் முழுக்க 5 லட்சத்துக்கு மேற்பட்ட கருக்கள் அதனால் கலைந்திருக்கும் என்று பிற்பாடு மதிப்பிட்டார்கள். இன்று வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகள் ஏறக்குறைய எல்லாமே தந்தை வழியில் இரண்டே காளைகளில் போய் முடிகின்றன. கோடிக்கு நெருங்கிய மாடுகள் இருக்கும் இனத்தின் பயனுறு எண்ணிக்கை நூறுகூடத் தேறாது. அவர்களிடம் பணமும் ஆய்வுக்கூடமும் இருக்கிறது, அல்லீலைக் கண்டுபிடித்து விலக்குகிறார்கள். நம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) ஒரு மாடு சினை நிற்கவில்லை என்றால் சந்தைக்கு ஓட்டுவோம். காரணம் கடைசிவரை தெரியாது.

அப்புறம் நிறம். மயிலைதான் அசல், செவலையும் (சிவப்பு) காரியும் (கறுப்பு) மட்டம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மை படிந்துதான் பிறக்கிறது, ஆறு மாதத்தில் நிறம் மாறுகிறது. செவலை, காரி, பிள்ளை எல்லாமே இந்த இனத்துக்குள் காலங்காலமாக இருப்பவை. நிறத்துக்காக ஒரு நல்ல காரிக் காளையைக் காயடிக்கும்போது நீங்கள் கழிப்பது ஒரு நிறத்தை மட்டுமா? அதன் குளம்பு, செரிமானம், காய்ச்சலைத் தாங்கும் உடம்பு எல்லாமே அதோடு போகிறது. கவலை ஓட்டிய (எருது பூட்டிக் கிணற்று நீர் இறைத்த) காலத்தில் வீட்டுக்கு வீடு எருது இருந்தது, எதைக் காயடிப்பது, எதைக் காளையாக விடுவது என்று பல ஊரில் பல பேர் பல விதமாக முடிவெடுத்தார்கள். அந்தப் பல முடிவுகள்தான் இனத்தைக் காப்பாற்றி வந்தன. மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் ஆண் கன்றுக்கு மதிப்புப் போயிற்று. மிச்சம் இருக்கும் காளைகளையும் நாமே ஒன்றாகக் குறைத்தால் எப்படி?

சினை ஊசி இந்த ஆபத்தை இன்னும் பெரிதாக்கும். காளை நேரடியாகச் சேர்ந்தால் வருஷத்துக்கு ஐம்பது அறுபது மாடு. ஊசி என்றால் ஒரே சேகரிப்பில் நூற்றுக்கணக்கில் வந்துவிடும். ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காளையின் ஊசி என்று கேட்டு எழுதி வையுங்கள், அடுத்த முறை வேறு காளையுடையதைக் கேளுங்கள் என்கிறேன். காளைக்கு எண் இல்லாத ஊசியை வாங்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். ஏழெட்டு ஊர் என்கிறீர்கள். ஊருக்கு ஒரு காளை, ஒவ்வொன்றும் வேறு வேறு பட்டியிலிருந்து. பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தையிலும் தாய் தகப்பன் யார் வீட்டுது என்று விசாரித்து வாங்குங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் ஊர்க் காளை அடுத்த ஊருக்கு, அந்த ஊருடையது அதற்கடுத்த ஊருக்கு என்று வட்டமாகச் சுற்ற விடுங்கள். மகள் பருவத்துக்கு வருமுன் தகப்பன் ஊர் மாறிவிடும். பரிசுக் காளையும் இருக்கட்டும், ஏழெட்டில் ஒன்றாக.

இயற்கைத் தேர்வு, மரபணு நகர்வு இரண்டையும் எங்கள் பாடத்தில் அடுத்தடுத்துச் சொல்கிறார்கள். எது எப்போது வேலை செய்கிறது என்று பிடிபடவில்லை. (கல்லூரி மாணவி, கோபி)

நல்ல கேள்வி. இரண்டும் எப்போதும் வேலை செய்கின்றன, எது ஜெயிக்கிறது என்பதை எண்ணிக்கை தீர்மானிக்கிறது. பீட்டர் பூரி என்ற ஆய்வாளர் 1956-ல் வெளியிட்ட சோதனையைப் படித்துப் பாருங்கள். பழ ஈக்களை 107 குப்பிகளில் போட்டார். குப்பிக்கு 8 ஆண், 8 பெண். கண் நிறத்துக்கான ஒரு மரபணுவின் இரண்டு அல்லீல்களும் எல்லாக் குப்பியிலும் பாதிப்பாதி. ஒவ்வொரு தலைமுறையிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி 16 ஈக்களை மட்டும் அடுத்ததற்கு விட்டார். 19 தலைமுறை முடிந்தபோது சுமார் 30 குப்பிகளில் ஒரு அல்லீல் அடியோடு தொலைந்திருந்தது, ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மற்றது தொலைந்திருந்தது. மிச்சத்தில் இரண்டும் பல அளவில் இருந்தன. எல்லாக் குப்பிக்கும் ஒரே தீவனம், ஒரே சூடு. இயற்கைத் தேர்வாக இருந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

ஒரு அல்லீல் தரும் லாபமோ நட்டமோ சிறியதாக இருந்து, மந்தையும் சிறியதாக இருந்தால், தற்செயல் அதை அடித்துக்கொண்டு போய்விடும். சுமாரான கெடுதல் உள்ள அல்லீல்கூடச் சிறு மந்தையில் நிலைத்துவிடும். பெரிய மந்தையில் அதே அல்லீல் மெல்ல மெல்லக் கழிந்திருக்கும். பரீட்சையில் இதையும் எழுதுங்கள்: லாபமும் நட்டமும் இல்லாத ஒரு அல்லீல் கடைசியில் முழுதாக நிலைக்கும் வாய்ப்பு, இன்று அது எத்தனை விழுக்காடு இருக்கிறதோ அத்தனை விழுக்காடுதான். மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பகுதி இப்படித்தான் என்று ஜப்பானிய மரபியலாளர் மோட்டோ கிமுரா 1968-ல் எழுதினார்.

கிளிமூக்குச் சேவல் ஒன்று, பெட்டை பத்து. ஒரே வீட்டுக் குஞ்சாக வாங்கியது. இப்போது பத்து முட்டை வைத்தால் நாலுதான் பொரிக்கிறது. (பல்லடம்)

ஒரே வீட்டுக் குஞ்சு என்றால் அண்ணன் தங்கையாக இருக்கும். அதிலேயே உள் இனச்சேர்க்கைக் கெழு 4-ல் 1. பொரிப்பு குறைவது உள் இனச்சேர்க்கையின் முதல் அறிகுறிகளில் ஒன்று. ஆனால் முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சித்திரை வெயிலில் பத்து நாள் வைத்த முட்டை எந்தச் சேவலுடையதாக இருந்தாலும் பொரிக்காது. ஏழு நாளுக்குள் அடை வையுங்கள். அதன் பிறகும் குறைந்தால் வேறு வம்சத்துச் சேவல் வாங்குங்கள். 1 சேவல் 10 பெட்டை என்றால் பயனுறு எண்ணிக்கை நாலுகூட வராது. 5 சேவல் 5 பெட்டை என்றால் 10 வரும். தலையை எண்ணாதீர்கள்.

வரையாடு எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று செய்தி வருகிறதே, இனிக் கவலை இல்லைதானே? (பொள்ளாச்சி)

கூடியது சந்தோஷமான சேதி. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024-ல் ஆயிரத்துச் சொச்சம், 2025-ல் 1,300. ஆனால் இது ஒரே மந்தை இல்லை. ஆனைமலையின் புல்மலைப் பகுதியில் ஒரு கூட்டம், நீலகிரியின் முக்குருத்தியில் ஒன்று, தனித்தனிப் பாறை முகடுகளில் சின்னச் சின்னக் கூட்டங்கள். நடுவில் தேயிலைத் தோட்டமும் சாலையும் அணையும். ஒரு முகட்டில் முப்பது ஆடு என்றால் அந்த முப்பதுக்குத்தான் தற்செயல் கணக்குப் போடும், மாநிலத்தின் 1,300-க்கு இல்லை.

அதோடு, பழைய சரிவுகளை மரபணு மறக்காது. நான்கு தலைமுறையில் 1,000, 1,000, 10, 1,000 என்று ஒரு மந்தை இருந்ததாக வையுங்கள். சராசரி 750 என்று தோன்றும். இசைச் சராசரிதான் (சிறிய எண்ணுக்கு அதிக எடை தரும் சராசரி) இங்கே செல்லும், அது 40-ஐத் தாண்டாது. ஒரு தலைமுறை பத்தாகச் சரிந்ததை மூன்று ஆயிரங்கள் ஈடு செய்யவில்லை.

இன்னொரு வாசகர், முக்குருத்தி ஆட்டையும் ஆனைமலை ஆட்டையும் மாற்றி விட்டால் என்ன என்று கேட்கிறார். அவசரப்படக் கூடாது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், தாழ்வான சூடான நிலம், மலை ஆடு கடக்க முடியாது. கணவாய்க்கு வடக்கே உள்ளதும் தெற்கே உள்ளதும் மிக நெடுங்காலமாகத் தனித்தனியாகப் போன வம்சங்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யானைகளிலும் தாய் வழி மரபணுவில் அந்தப் பிரிவு தெரிகிறது. சோலைக்குள்ளேயே வாழும் நீல ராபின் பறவை வடக்கே ஓர் இனம், தெற்கே இன்னோர் இனம். ஒரே பக்கத்து முகடுகளுக்கு இடையே வழி திறந்துவிடுவதுதான் முதல் வேலை.

பர்கூர் மலையில் 15 மாடு வைத்திருக்கிறேன். கன்று சிறுத்துவிட்டது. காங்கேயம் காளையை விடலாமா? (அந்தியூர் வட்டம்)

வேண்டாம். மலை ஏறி மேயும் செம்மறை (சிவப்பில் வெள்ளைத் திட்டுள்ள பர்கூர்) மாட்டின் உடம்பு வேறு, சமவெளி மாட்டின் உடம்பு வேறு. இரண்டு பட்டி தாண்டி யாரிடமாவது பர்கூர்க் காளை இருக்கும், அதைக் கேளுங்கள். ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போகும்போதும் விசாரியுங்கள்.

எங்கள் கூட்டத்தார் (குலத்தார்) இப்போது சில வீடுகளே இருக்கிறோம். பக்கத்துக் கூட்டம் ஊர் ஊராகப் பெருகியிருக்கிறது. ரத்தத்தில் ஏதேனும் குறையா? கூட்டம் விட்டுக் கூட்டம் கட்டுவதால் சொந்தத்தில் கட்டும் பிரச்சினை எங்களுக்கு இல்லைதானே? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

குறை எதுவும் இல்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டப் பெயர் மகன் வழியில் போகிறது. ஒரு தலைமுறையில் ஒருவருக்கு நாலு மகன், ஒருவருக்கு எல்லாம் பெண், ஒருவருக்குக் குழந்தையே இல்லை. யாரிடமும் குறை இல்லாமலேயே சில பெயர்கள் பெருகும், சில பெயர்கள் அற்றுப்போகும். இங்கிலாந்துக் குடும்பப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று கால்டனும் வாட்சனும் 1874-லேயே இதைக் கணக்குப் போட்டார்கள். உங்கள் கூட்டத்துப் பெண்கள் வழியாக உங்கள் மரபணு ஊர் ஊராகத்தான் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தாய்மாமன் மகள் வேறு கூட்டம்தான், ஆனால் அவளுக்குத் தாத்தாவும் பாட்டியும் உங்கள் அம்மாவின் அப்பா அம்மாதானே? பிறக்கும் குழந்தைக்கு உள் இனச்சேர்க்கைக் கெழு 16-ல் 1. தாய்மாமனையே கட்டினால் 8-ல் 1. கூட்டம் பார்ப்பது தகப்பன் வழியை மட்டும் அடைக்கிறது. அதோடு, நேரடிச் சொந்தம் இல்லாவிட்டாலும், பல நூறு வருஷம் தனக்குள்ளேயே மணம் செய்துவரும் எந்தச் சமூகத்திலும் தொடக்கத்தில் இருந்த சிலரின் அபூர்வ அல்லீல்கள் இன்று பரவலாக இருக்கும். தென்னிந்திய வணிகச் சமூகம் ஒன்றில் இப்படித்தான், அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி பலருக்கு இல்லை. மயக்க மருத்துவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரே நோய் இரண்டு குழந்தைகளுக்கு வந்திருந்தால் கல்யாணம் பேசுமுன் மரபியல் மருத்துவரைப் பாருங்கள். ஜாதகத்துக்கு முன்னால் பாருங்கள்.

வெளியிலிருந்து ஒரு கிடா கொண்டுவந்தால் எத்தனை காலம் தாங்கும்? (மயிலம்பாடி ஆடு, பவானி, 40 பெட்டை, 1 கிடா, மூன்று வருஷம் முன் பக்கத்துப் பட்டியில் வாங்கியது)

விவரத்தோடு எழுதியதற்கு நன்றி. எல்லாரும் இப்படி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒன்று கொண்டுவந்தால் ஒரு தலைமுறைக்குத் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கு நடுவே ஐல் ராயல் என்ற தீவு இருக்கிறது. அங்கே நலிந்துகொண்டிருந்த ஓநாய்க் கூட்டத்துக்கு 1997-ல் பனி உறைந்த ஏரி வழியாக ஒரே ஒரு ஆண் ஓநாய் வந்து சேர்ந்தது. பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கூட்டத்தின் மரபணுவில் பாதிக்கு மேல் அதனுடையதாயிற்று. அப்புறம் அதன் பிள்ளைகளும் பேரன்களும் தங்களுக்குள்ளேயே சேர்ந்து மறுபடி நலிந்தன. 2016-ல் மிஞ்சியது இரண்டே ஓநாய். பிறகு வெளியிலிருந்து பிடித்து வந்து விட வேண்டியதாயிற்று.

செம்மறிக்கு ஒரு தலைமுறை மூன்று வருஷம். ஆகவே உங்களுக்கு இப்போதே முறை வந்துவிட்டது. ஒரு கிடாவுக்குப் பதில் இரண்டு வாங்குங்கள், இரண்டும் வேறு வேறு பட்டியாக இருக்கட்டும், பக்கத்துப் பட்டி இந்த முறை வேண்டாம். வாங்குமுன் கால்நடை மருத்துவமனையில் புருசெல்லா (கருச்சிதைவு நோய்) சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கொண்டுவந்தபின் ஒரு மாதம் தனியாகக் கட்டிவைத்து, குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டம்மைக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் ஊசி போட்டபின் பட்டிக்குள் விடுங்கள். பழைய கிடாவை வேறு ஊர்ப் பட்டிக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அவருக்கும் அது புது ரத்தம்தான்.